பச்சை உடம்பும் கேட்கப்படாத மனமும்: மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வை அறிதலும் எதிர்கொள்ளலும்

ஆய்வுச் சுருக்கம்

மகப்பேற்றுக்குப் பின் தாய்மார்க்கு ஏற்படும் மனச்சோர்வு மருத்துவத்தால் தீரக்கூடிய நோயாகும். எனினும் பிள்ளை பெற்ற பெண்ணின் உடலைப் பேணுவதற்கு விரிவான மரபைக் கொண்டுள்ள தமிழ்ச் சமூகத்தில் இந்நோய் எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இந்நோயின் தன்மை, காரணங்கள், கண்டறியும் முறை, மீளும் வழிகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரத்தில் நிகழ்ந்த ஆய்வை அடிப்படையாகக் கொண்டு, தாய்வீட்டுப் பேறுகால மரபு எந்நிலையில் காப்பாகிறது, எந்நிலையில் காப்பாகத் தவறுகிறது என்பதையும் ஆராய்கிறது. குழந்தையின் தடுப்பூசிக்காகத் தாய் நலவாழ்வு நிலையத்திற்கு வரும் ஒவ்வொரு முறையும் அவளது மனநிலையையும் கேட்டறிதல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச் சொற்கள்: மகப்பேறு, மனச்சோர்வு, பச்சை உடம்பு, தாய்வீடு, எடின்பரோ அளவுகோல், கணியம்பாடி, தாய்சேய் நலம்.

முன்னுரை

தமிழ்நாட்டில் இன்று 99 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட மகப்பேறுகள் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. கருவுற்ற பெண்ணின் எடை, குருதி அழுத்தம், குருதிச் சிவப்பணுவின் அளவு முதலியன முறையாகப் பதிவு செய்யப்படுகின்றன. பிறந்த குழந்தையின் எடையும் தடுப்பூசி நாள்களும் அட்டையில் குறிக்கப்படுகின்றன. தாய்சேய் நலத்தில் தமிழகம் எய்தியுள்ள முன்னேற்றத்திற்கு இப்பதிவுமுறையும் ஒரு காரணமாகும். ஆயினும் இப்பதிவுகளில் பொதுவாக இடம்பெறாத ஒரு செய்தி உண்டு. பிள்ளை பெற்றபின் அப்பெண் எவ்வாறு இருக்கிறாள், உறங்குகிறாளா, எதிலேனும் மகிழ்ச்சி கொள்கிறாளா என்பதே அது.

இந்தியாவில் நிகழ்ந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து, 20,043 தாய்மார்களின் தரவுகளைக் கணக்கிட்ட ஆய்வொன்று உலக நலவாழ்வு அமைப்பின் இதழில் 2017இல் வெளிவந்தது. மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு ஏறத்தாழ 22 விழுக்காட்டுத் தாய்மார்களிடம் காணப்படுவதாக அது மதிப்பிட்டது. ஐவரில் ஒருவருக்கு நேரும் ஒரு நிலை குடும்பத்தாலும் பணியமைப்பாலும் அறியப்படாமல் போவது எவ்வாறு என்னும் வினாவே இக்கட்டுரைக்குத் தூண்டுதலாகும்.

1. மூன்று நிலைகளும் அவற்றின் வேறுபாடும்

பிள்ளைப்பேற்றுக்குப் பின் தோன்றும் மனநிலை மாற்றங்களை மருத்துவ நூலார் மூன்றாகப் பகுப்பர். முதலாவது, பேற்றுக்குப் பின் மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள் தொடங்கும் தற்காலிக மனக்கலக்கம். காரணமின்றி அழுகை வருதல், எளிதில் சினங்கொள்ளுதல், சற்று நேரத்தில் சிரித்தல் ஆகியன இதன் இயல்புகள். தாய்மாருள் பாதிக்கும் மேற்பட்டோர் இதனை அடைகின்றனர். இரண்டு வாரங்களுக்குள் இது தானே தணிந்துவிடும். ஓய்வும் ஆறுதலும் போதும், மருந்து தேவையில்லை.

இரண்டாவது, இக்கட்டுரையின் பொருளாகிய மனச்சோர்வு. இரண்டு வாரங்களுக்கு மேலும் நீடிக்கும் துயரம், எதிலும் நாட்டமின்மை, தன்மீது வெறுப்பு, தான் நல்ல தாயல்லள் என்னும் குற்ற உணர்வு, குழந்தையிடம் ஒட்டுதல் இல்லாமை அல்லது அதன் நலம்பற்றிய அளவுகடந்த அச்சம், இறந்துவிடலாம் என்னும் எண்ணம் ஆகியன இதன் அறிகுறிகள். குழந்தை உறங்கும்போதும் தாயால் உறங்க இயலாமை கவனிக்கத்தக்க குறிப்பாகும். இந்நோய் பேற்றுக்குப் பின்னரே தொடங்கவேண்டும் என்பதில்லை. கருவுற்ற காலத்திலேயே தொடங்கிப் பின்னும் தொடர்வதுண்டு.

மூன்றாவது, பேறுகால உளப்பிறழ்வு. ஆயிரம் தாய்மாருள் ஒருவருக்கோ இருவருக்கோ, பெரும்பாலும் முதலிரு வாரங்களுக்குள் இது தோன்றும். உறக்கம் அறவே நீங்குதல், பொருத்தமற்ற பேச்சு, இல்லாத ஒலி கேட்டல், குழந்தையைப்பற்றிய விபரீத நம்பிக்கைகள் ஆகியன காணப்படும். இது தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்தான நிலையாதலின் அன்றே மருத்துவமனையில் சேர்த்தல் வேண்டும். முறையான மருத்துவத்தால் பெரும்பாலோர் நலமடைகின்றனர்.

2. சொல்லும் நோயும்

பிள்ளை பெற்றவளைப் 'பச்சை உடம்புக்காரி' என்று சுட்டுவது தமிழ் வழக்கு. உடல் இன்னும் ஆறாத புண்ணைப் போன்றது, காற்றும் குளிரும் படலாகாது என்னும் கருத்து இச்சொல்லில் அடங்கியுள்ளது. இதனைச் சுற்றி ஒரு பெரும் பேணுகை முறையே அமைந்துள்ளது. பத்தியச் சோறு, பூண்டுக் குழம்பு, பால் சுரக்கச் சுறாப்புட்டு, பிரசவ லேகியம், மூலிகை வெந்நீர்க் குளியல், காதையும் தலையையும் மூடிக் கட்டுதல் என வட்டாரந்தோறும் சிற்சில வேறுபாடுகளுடன் இவை வழங்குகின்றன. உடலின் நலிவைச் சொல்வதற்கும் கேட்பதற்கும் இம்மரபில் இடம் உண்டு. இடுப்பு வலிக்கிறது என்றோ பால் கட்டியிருக்கிறது என்றோ சொல்வதற்கு எப்பெண்ணும் கூசுவதில்லை.

மனத்தின் நலிவுக்கு இத்தகைய சொற்கள் இல்லை. 'சன்னி' என்னும் பழஞ்சொல் பேறுகாலக் காய்ச்சல், வலிப்பு, அறிவு பேதலித்தல் ஆகியவற்றை வேறுபாடின்றிக் குறித்தது. கடுமையான உளப்பிறழ்வு அதனாலோ, பேய் பிடித்தல், காற்றுக் கருப்பு அண்டுதல் முதலிய விளக்கங்களாலோ அடையாளம் பெற்றது. மேலே கண்ட மூன்று நிலைகளுள் நடுவணதாகிய மனச்சோர்வுக்கு வழக்கில் தனிப்பெயர் இல்லை. ஆகவே அது 'அசதி' என்றும், 'மனசு சரியில்லை' என்றும் சுருங்கிவிடுகிறது. அழும் பெண்ணுக்கு, 'ஊர் உலகத்தில் யாரும் பெறாத பிள்ளையா' என்னும் விடை கிடைக்கிறது. இவ்விடை கொடுமையால் சொல்லப்படுவதன்று. பெரும்பாலும் தேற்றும் நோக்கத்தோடே சொல்லப்படுகிறது. எனினும், மகிழ்ச்சி ஒன்றே இயல்பு என்று கொள்ளப்படும் காலத்தில் துயருறுவதே தவறு என்னும் எண்ணத்தை அது அப்பெண்ணிடம் உறுதிப்படுத்துகிறது. மறைத்தல் அங்கே தொடங்குகிறது.

கோவாவில் தாய்மார்களிடம் நிகழ்ந்த பண்புசார் ஆய்வொன்று (2003) இங்குக் கருதத்தக்கது. அத்தாய்மார்கள் தம் துயரத்தை நோயாகக் கருதவில்லை. வறுமை, கணவனோடுள்ள பிணக்கு, துணையின்மை ஆகிய வாழ்க்கை இடர்களின் விளைவாகவே கண்டனர். இதனை அறியாமை என்று ஒதுக்குதல் பொருந்தாது. நோயின் காரணங்களைப்பற்றி அவர்கள் கூறியவை புள்ளிவிவர ஆய்வுகளின் முடிபுகளோடு பெரிதும் ஒத்துப்போவதை அடுத்த பகுதியில் காணலாம்.

3. காரணங்கள்: உடலும் சூழலும்

நஞ்சுக்கொடி வெளியேறியபின் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய இயக்குநீர்களின் அளவு சில நாள்களுக்குள் மிகவும் தாழ்ந்துவிடுகிறது. இம்மாற்றம் எல்லாத் தாய்மார்க்கும் பொதுவானது. சிலரின் மூளை அதற்கு மிகையாக எதிர்வினையாற்றுவதே அவர்களை நோய்க்கு ஆளாக்குகிறது என்பர். முன்னரே மனச்சோர்வு கண்டிருத்தல், குடும்பத்தில் மனநோய் இருத்தல், தொடர்ந்த உறக்கமின்மை ஆகியன இதனோடு சேர்கின்றன. குருதிச்சோகையும் பேற்றுக்குப் பிந்தைய தைராய்டுக் கோளாறும் மனச்சோர்வை ஒத்த சோர்வைத் தோற்றுவிக்கும். ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குருதிச்சோகை உடையவர்கள். ஆதலால் இவ்விரண்டையும் குருதிச் சோதனையால் அறிந்துகொள்ளுதல் முதற்கடன்.

இயக்குநீர் மாற்றம் அனைவர்க்கும் நேர, நோய் சிலருக்கே வருவதேன் என்னும் வினாவிற்குச் சூழல் சார்ந்த விடையைக் கணியம்பாடி ஆய்வு தருகிறது. மணி சந்திரன், பிரதாப் தரியன் முதலியோர் நிகழ்த்திய இவ்வாய்வு 2002இல் பிரித்தானிய உளமருத்துவ இதழில் வெளிவந்தது. வேலூர் மாவட்டத்துச் சிற்றூர்களைச் சேர்ந்த 359 பெண்கள் கருவுற்ற இறுதி மும்மாதத்தில் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டனர். அவர்களுள் 301 பேர் பேற்றுக்குப் பின் 6 முதல் 12 வாரங்களுக்குள் மீண்டும் காணப்பட்டனர். பேற்றுக்குப் பின் புதிதாக மனச்சோர்வுற்றவர்கள் 11 விழுக்காட்டினர். கருவுற்ற காலத்திலேயே சோர்வுற்றிருந்தோர் இக்கணக்கில் சேரார் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

நோயோடு தொடர்புடையனவாக அவ்வாய்வு சுட்டிய காரணிகள் இவை: குறைந்த வருவாய், ஆண் குழந்தை விரும்பப்பட்ட நிலையில் பெண் குழந்தை பிறத்தல், மாமியாரோடும் தன் பெற்றோரோடும் உள்ள உறவில் இடர்ப்பாடு, கருவுற்ற காலத்தில் நேர்ந்த துன்ப நிகழ்வுகள், பேற்றுக்குப் பின் வேலைகளில் கைகொடுப்பார் இல்லாமை. இவற்றுள் எதுவும் அப்பெண்ணின் தனிக்குறை அன்று. குறிப்பாகப் பெண் குழந்தை பிறத்தல் தன்னளவில் காரணமாவதில்லை. ஆண் குழந்தையை எதிர்பார்த்திருந்தோர் இருக்கும் வீட்டில் அது பிறப்பதே காரணமாகிறது.

4. தாய்வீடு: காப்பும் அதன் எல்லையும்

பேறுகாலச் சடங்குகள் மனச்சோர்வைத் தடுக்கின்றன என்னும் கருத்து மானிடவியலில் செல்வாக்குப் பெற்றது. ஸ்டெர்ன், குருக்மன் ஆகியோர் 1983இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு வழிகோலியது. பேற்றுக்குப் பின் ஓய்வு, தனித்திருத்தல், வேலைகளில் உதவி, தாய் என்னும் நிலைக்குச் சமூகம் தரும் ஏற்பு ஆகியவற்றை முறையாக அளிக்கும் பண்பாடுகளில் இந்நோய்க்கான சான்றுகள் குறைவு என்று அவர்கள் வாதிட்டனர். வளைகாப்பு முடிந்து மகளைத் தாய்வீட்டிற்கு அழைத்துவந்து, பேற்றுக்குப் பின் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கணவன் வீட்டிற்கு அனுப்பும் தமிழ் மரபு இக்கூறுகள் அனைத்தையும் கொண்டது.

ஆனால் கணியம்பாடிச் சான்றுகள் இக்கருத்தை அப்படியே ஏற்க இடந்தருவதில்லை. அங்கும் இம்மரபு வழங்குவதே. எனினும் நோய் இருந்தது. மாமியாரோடு மட்டுமன்றிப் பெற்றோரோடு உள்ள பிணக்கும் காரணியாக வெளிப்பட்டது. ஆகவே காப்பளிப்பது தாய்வீடு என்னும் இடமன்று; அங்குக் கிடைக்கும் உறவும் உதவியுமே என்று கொள்ளுதல் தகும். பெற்றோர் விருப்பத்திற்கு மாறாக மணந்த பெண்ணுக்கும், தாயை இழந்த பெண்ணுக்கும், தாயே நாட்கூலிக்குச் சென்றாகவேண்டிய வீட்டுப் பெண்ணுக்கும் தாய்வீடு பெயரளவில் இருக்கலாம். அல்லது இல்லாமலும் போகலாம். இரண்டாம் பேற்றுக்குப் பல குடும்பங்களில் தாய்வீட்டு வாய்ப்பே இல்லை. மூத்த குழந்தையையும் கவனித்துக்கொண்டு கணவன் வீட்டிலேயே இருக்க நேர்கிறது.

இம்மரபில் கருதத்தக்க மற்றொரு கூறு இடமாற்றம். கருவுற்ற பெண் கணவன் ஊரில் பதிவு செய்யப்படுகிறாள். மகப்பேறு தாய்வீட்டின் அருகே நிகழ்கிறது. பின்னர் மீண்டும் கணவன் ஊருக்குச் செல்கிறாள். இரண்டு ஊர்ச் செவிலியர்க்கும் அவள் பாதிக் காலமே அறிமுகமானவள். உதவிக்கரங்கள் நிறைந்த வீட்டிலிருந்து, முழு வீட்டுப் பொறுப்பும் காத்திருக்கும் வீட்டிற்கு அவள் திரும்பும் மூன்றாம், ஐந்தாம் மாதங்களில் பேறுகாலக் கவனிப்பு முடிந்துபோயிருக்கும். தேசிய அளவிலான வீட்டுவழிப் பச்சிளங்குழந்தைக் கவனிப்புத் திட்டத்தின் வருகைகள் 3, 7, 14, 21, 28, 42 ஆம் நாள்களில் அமைந்து, ஆறு வாரத்தோடு நிறைவடைகின்றன. மகப்பேற்று இறப்புக் கணக்கும் வழக்கமாக 42 நாள்களையே எல்லையாகக் கொள்கிறது. பேறுகாலத் தற்கொலையை நேரடி மகப்பேற்று இறப்பாகவே கொள்ளுதல் வேண்டும் என உலக நலவாழ்வு அமைப்பின் 2012ஆம் ஆண்டு வகைப்பாட்டு வழிகாட்டி கூறியிருப்பினும், ஆறு வாரங்களுக்குப் பின் நேரும் இறப்பு இவ்வழக்கமான கணக்கில் இடம்பெறுவதில்லை.

5. கண்டறிதல்

மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய உலகெங்கும் வழங்கும் கருவி எடின்பரோ அளவுகோலாகும். காக்ஸ், ஹோல்டன், சகோவ்ஸ்கி ஆகியோர் 1987இல் இதனை வெளியிட்டனர். கடந்த ஏழு நாள்களின் மனநிலைபற்றிய பத்து வினாக்களைக் கொண்ட இதன் உயர் மதிப்பெண் 30. பசி, எடை, களைப்பு முதலிய உடற்குறிகளை இது தவிர்க்கிறது. பச்சிளங்குழந்தையை வளர்க்கும் எப்பெண்ணும் களைத்தே இருப்பாள் ஆதலின், அக்குறிகளால் நோயைப் பிரித்தறிய இயலாது என்பதே இதற்குக் காரணம். உறக்கத்தைப்பற்றிக் கேட்கும்போதும் துயரத்தால் உறக்கம் கெடுகிறதா என்றே கேட்கிறது.

இதன் தமிழ் வடிவம் வேலூரில் சோதிக்கப்பெற்று 2005இல் வெளியிடப்பட்டது. ஆங்கில வடிவத்திற்குப் பொதுவாகக் கொள்ளப்படும் 12/13 என்னும் எல்லையைவிடக் குறைந்த 8/9 என்னும் எல்லையே தமிழ்ப் பெண்களுக்குப் பொருந்துவதாக அவ்வாய்வு கண்டது. அயல்நாட்டு எல்லையை அப்படியே பின்பற்றினால் நோயுற்றோர் பலர் நலமுடையோராகக் கணக்கிடப்படுவர் என்பது இதனால் பெறப்படுகிறது. இவ்வளவுகோல் நோய் இருக்கலாம் என்று ஐயுற உதவுவதே. நோயை உறுதிசெய்வது மருத்துவரின் நேர்காணலே. தற்கொலை எண்ணம்பற்றிய பத்தாம் வினாவிற்கு ஆம் என்னும் விடை கிடைப்பின், மொத்த மதிப்பெண் எத்துணைக் குறைவாயினும் உடனே கவனித்தல் வேண்டும்.

கேட்கும் முறையும் கருவியைப் போன்றே இன்றியமையாதது. மாமியாரும் கணவனும் உடனிருக்க வினவினால், 'நன்றாக இருக்கிறேன்' என்பதே விடையாகும். எழுத்தறிவு குறைந்தோர்க்கு வாய்மொழியாகப் படித்துக்காட்டும்போது தனிமை இன்னும் தேவையாகிறது.

6. மீளும் வழிகள்

மனச்சோர்வின் கடுமைக்கேற்ப மருத்துவமுறை அமையும். மிதமான நிலைக்கு உளவியல் சிகிச்சையே முதன்மையானது. எண்ணங்களையும் செயல்களையும் படிப்படியே மாற்றும் அறிதல்சார் நடத்தைச் சிகிச்சையும், உறவுச் சிக்கல்களை முன்வைத்து நிகழும் ஆளிடை உறவுச் சிகிச்சையும் பயன் தருவன என நிறுவப்பட்டுள்ளன. கடும் நிலையில் மனச்சோர்வு நீக்கும் மருந்துகள் தேவைப்படும். பாலூட்டும் தாய் மருந்துண்ணலாகாது என்னும் அச்சம் பலரைச் சிகிச்சையிலிருந்து விலக்குகிறது. செர்ட்ரலின் போன்ற மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கின்றன. ஆகவே மருத்துவர் மேற்பார்வையில் பாலூட்டிக்கொண்டே அவற்றை உட்கொள்ள இயலும். இம்மருந்துகளின் பயன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும் என்பதையும், தாமாக நிறுத்துதல் கூடாது என்பதையும் குடும்பத்தார் அறிந்திருத்தல் நன்று.

உளமருத்துவர் அரிதாக உள்ள சிற்றூர்களில் இது இயலுமா என்னும் ஐயத்திற்குப் பாகிஸ்தானில் நிகழ்ந்த ஆய்வு விடையளிக்கிறது. அத்தீஃப் ரஹ்மானும் குழுவினரும் ராவல்பிண்டியை அடுத்த சிற்றூர்ப் பகுதிகளில் 903 தாய்மார்களிடம் நிகழ்த்திய இவ்வாய்வு 2008இல் லான்செட் இதழில் வெளிவந்தது. உளமருத்துவப் பயிற்சி பெறாத ஊரக நலப்பணிப் பெண்களுக்குச் சிறிது காலம் பயிற்சியளித்து, வீடுகளுக்குச் செல்லும்போதே தாய்மார்களோடு உரையாடச் செய்தனர். தாயின் உடல்நலம், சேயோடுள்ள உறவு, சுற்றியுள்ளோரோடுள்ள உறவு என்னும் மூன்றைச் சுற்றி அவ்வுரையாடல் அமைந்தது. ஆறாம் மாதத்தில் இப்பயனைப் பெற்றோருள் 23 விழுக்காட்டினரும், வழக்கமான வருகையை மட்டும் பெற்றோருள் 53 விழுக்காட்டினரும் மனச்சோர்வுடன் இருந்தனர். குழந்தையின் நலத்திற்கான உரையாடலாக முன்வைக்கப்பட்டதால் குடும்பத்தார் இதனைத் தடுக்கவில்லை. மாமியார் அதிகாரமும் நோய்பற்றிய கூச்சமும் நம்மைப் போன்றே நிலவும் சூழலில் இவ்வெற்றி கிடைத்தது என்பது எண்ணத்தக்கது.

குடும்பம் செய்யத்தக்கவை எளியன. இரவில் நான்கைந்து மணிநேரமாவது இடையறாத உறக்கம் கிடைக்கக் குழந்தையைப் பிறர் மாறிமாறிப் பார்த்துக்கொள்ளுதல், வீட்டு வேலைகளை ஏற்றல், குழந்தையின் நிறம், பால், எடை ஆகியவற்றைக்கொண்டு தாயை மதிப்பிடாதிருத்தல், அவள் சொல்வதை இடைமறியாது கேட்டல் ஆகியன அவை. தாய்வீட்டுக் காலத்தில் விருந்தாளியாக வந்துபோகும் கணவன் இப்பொறுப்பில் பங்கேற்றல் வேண்டும். இறப்பு எண்ணம் வெளிப்படின் தாயைத் தனியே விடாது உடனே மருத்துவ உதவியை நாடுதல் வேண்டும். 2022 முதல் நடுவணரசு நடத்தும் டெலி மனஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் தமிழிலும் அழைக்கலாம். மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் குழந்தையைப் பிரித்துவிடுவர் என்னும் அச்சமும் தேவையில்லை. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து பொதுவாகப் பிரித்தலாகாது என்கிறது. பெங்களூரிலுள்ள தேசிய மனநல நரம்பியல் நிறுவனத்தில் தாயும் சேயும் ஒருங்கே தங்கிச் சிகிச்சை பெறுவதற்கான பிரிவு செயற்பட்டுவருகிறது.

7. பணியமைப்பில் செய்யத்தக்கது

மேற்கண்ட செய்திகளை ஒருங்கே நோக்கின், தேவைப்படுவது புதிய அமைப்பு அன்று என்பது தெளிவாகும். குழந்தைக்குத் தடுப்பூசி போட 6, 10, 14 ஆம் வாரங்களிலும் ஒன்பதாம் மாதத்திலும் தாய் நலவாழ்வு நிலையத்திற்கு வருகிறாள். தாய்வீட்டில் இருப்பினும் கணவன் வீட்டிற்குத் திரும்பியிருப்பினும் இவ்வருகை பெரும்பாலும் தவறுவதில்லை. குழந்தையின் எடையைக் குறிக்கும் அதே வேளையில், கடந்த மாதத்தில் மனம் தளர்ந்து நம்பிக்கையிழந்து இருந்ததுண்டா, வழக்கமாக விரும்பும் செயல்களில் நாட்டம் குறைந்ததுண்டா என்னும் இரு வினாக்களைத் தனிமையில் கேட்கலாம். ஆம் என்பார்க்கு எடின்பரோ அளவுகோலைப் பயன்படுத்தலாம். தேவையானோரை மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்பலாம். விடையைத் தாய்சேய் நலப் பதிவில் குறித்தால், ஊர் மாறினும் அச்செய்தி அவளோடு செல்லும். அனுப்புதற்கு இடமின்றிக் கேட்டல் மட்டும் நிகழுமாயின், மறுமுறை அப்பெண் வாய்திறவாள் என்பதும் கருத்தில் கொள்ளத்தக்கது. செவிலியரின் பணிச்சுமையைக் கணக்கிட்டே இதனை வகுத்தல் வேண்டும்.

முடிவுரை

மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு உடல் மாற்றமும் வாழ்க்கைச் சூழலும் சேர்ந்து விளைவிக்கும் நோய். அது தாய்மையின் குறைபாடன்று. தமிழ் மரபு பிள்ளை பெற்றவளுக்கு அளிக்கும் பேணுகை மதிக்கத்தக்கது. எனினும் அதன் காப்பு உறவின் தன்மையையும் உதவியின் அளவையும் பொறுத்தது என்பதைக் கணியம்பாடிச் சான்றுகள் உணர்த்துகின்றன. மரபின் கவனிப்பு உடலோடும், அரசின் கவனிப்பு ஆறு வாரங்களோடும் நின்றுவிடுவதால், தாய் மீண்டும் இடம்பெயரும் காலத்தில் அவளைக் கவனிப்பார் இல்லாது போகின்றனர். அவ்விடைவெளியைத் தடுப்பூசி நாள்களின் வழியே நிரப்ப இயலும். தாய்வீட்டிலிருந்து கணவன் வீட்டிற்குத் திரும்பும் மாதங்களில் தாய்மாரின் மனநிலை அடையும் மாற்றத்தைத் தொடர்ந்து நோக்கும் கள ஆய்வுகளைத் தமிழகத்தின் பல வட்டாரங்களிலும் மேற்கொள்ளுதல் இத்துறை ஆய்வாளர்முன் உள்ள பணியாகும். பச்சை உடம்பைக் காற்றுப் படாமல் காக்கும் வீட்டில், அவ்வுடம்புக்குரியவளிடம் 'உனக்கு எப்படி இருக்கிறது' என்று கேட்பாரும் இருத்தல் வேண்டும்.